சால்வையோடு முடிகிற கணக்கா?

(கல்லாவியில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிஞர்னு சொல்லி அழைச்சாங்க. கவிதை எனக்கு ராத்திரி வேலை. பகல்ல நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்க பாஸ்புக்கில் வரவு செலவு பதிஞ்சு கொடுக்கிறவன். இன்னைக்குக் கவிஞனாப் பேசுறதைவிட கணக்கு எழுதுறவனாப் பேசுறதுதான் பொருத்தம்னு படுது. ஏன்னா ஒரு பாராட்டுக் கூட்டம்கிறது ஒரு கணக்கைத் தொடங்குற இடம். நாம அதைக் கணக்கு முடிக்கிற இடமாக்கி வெச்சிருக்கோம். சால்வை போட்டோம், கை தட்டினோம், போட்டோ எடுத்தோம், வீட்டுக்குப் போனோம். அந்தப் பிள்ளை மறுநாள் தனியாப் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போகுது. அதுக்கப்புறம் அதுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாது.

அழைப்பிதழில் மூணு சொல் போட்டிருக்காங்க. கல்வி, தலைமை, தொண்டு. இந்த மூன்றிலும் சிறந்த மாணவர்களைப் பாராட்டுகிறோம் என்று. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் பட்டமளிப்பு விழாவில் கேட்கிற சொற்கள்தான். சேரியில் நின்று கேட்கும்போது இவற்றுக்கு என்ன பொருள் என்று கொஞ்சம் பேசலாம்.

முதலில் ஒரு பழைய பாராட்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பம்பாயில் நடந்தது. பாராட்டப்பட்ட பையன் பெயர் பீமராவ். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அம்பேத்கரே இதை நினைவுகூர்கிறார். ஆங்கில நான்காம் வகுப்புத் தேர்வில் அவர் தேறிய சமயம் என்கிறார். வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் அது 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது என்கிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும். தங்கள் சாதியில் அந்த இடத்தை எட்டிய முதல் பையன் என்று மக்கள் கூட்டம் போட நினைத்தார்கள். அப்பா ராம்ஜியிடம் அனுமதி கேட்டார்கள். அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும். அவன் ஒரு தேர்வில் தேறியிருக்கிறானே தவிர வேறு என்ன செய்துவிட்டான் என்று கேட்டார்.

கூட்டம் போட நினைத்தவர்கள் விடவில்லை. அப்பாவின் நண்பர் தாதா கேலுஸ்கரிடம் போனார்கள். அவர் மராத்தி எழுத்தாளர், நம் சாதிக்காரர் அல்ல. அவர் வந்து வாதாடி அப்பாவை இணங்க வைத்தார். கூட்டம் நடந்தது. முடிவில் கேலுஸ்கர் பையன் கையில் தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைக் கொடுத்தார்.

தோழர்களே, நாம் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிடுவோம். புத்தகம் கொடுத்தார், அது 1956இல் நாக்பூரில் போய் முடிந்தது என்று கைதட்டுவோம். எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டம் முடிந்த பிறகு நடந்தது. கேலுஸ்கர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிடவில்லை. அந்தக் குடும்பத்தால் மேலே படிக்கவைக்க முடியாது என்று தெரிந்தபோது பையனைப் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடிந்தது. 1913இல் அதே பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பாராட்டியவர் பின்தொடர்ந்தார். இவ்வளவுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

சரி, முதல் சொல் கல்வி.

நம்ம ஊத்தங்கரை தாலுகாவுக்கு ஒரு பெயர் உண்டு. பிளஸ் டூவில் மாநில ரேங்க் வாங்குகிற பூமி. 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. அதுவரைக்கும் ஒவ்வொரு மே மாதமும் பேனரில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அதே மே மாதம் நம் தெருவில் என்ன நடக்கும்? தேர்வு எழுதின கையோடு போச்சம்பள்ளிக்கும் ஓசூருக்கும் ஆள் ஏற்றும் கம்பெனி வண்டியில் பிள்ளைகள் ஏறுவார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள். அதைக் கேவலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சம்பளத்தில்தான் நம்ம கூரை ஓடாச்சு, ஓடு தளமாச்சு. ஆனா ரேங்க் வாங்கினவனுக்கு 'தகுதி' இருக்கு, வண்டி ஏறினவனுக்கு இல்லைன்னு சொல்றான் பாருங்க, அதுதான் பொய்.

கல்வி நிலையத்தின் வாசலில் நின்ற அனுபவம் நமக்குப் புதுசில்ல. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 மாணவர்கள், பத்துப்பேர் தவிர எல்லோரும் பிராமணர்கள். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மற்ற பிள்ளைகளோடு விளையாடாமல், வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவாராம். வட்டமேசை மாநாடு வரைக்கும் போன மனிதர்! அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் ஒளிந்துகொள்வது.

அது அந்தக் காலம் என்பீர்கள். 2022 ஜூலையில் நம் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் இணைந்திருக்கிற பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று கேட்டு, விடையாக நாலு பெயரும் கொடுத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியார்! பத்திரிகைகளில் வந்தது, சர்ச்சையானது. ஆனால் தேர்வு அறைக்குள் அந்தத் தாளைக் கையில் வாங்கிய நம் பிள்ளையை யோசித்துப் பாருங்கள். அவள் மதிப்பெண் வாங்க வேண்டும் என்றால் தன்னையே ஒரு விடையாகக் குறிக்க வேண்டும்.

இன்னொன்று. அட்டவணைச் சாதி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 1954-55 முதல் இருக்கிறது. 2022இல் அதன் விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிப் படிப்பதற்கு இந்தப் பணம் கிடையாது என்று. 1916 மே 9ஆம் தேதி கொலம்பியாவில் ஒரு கருத்தரங்கில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசித்தார். இன்றைய விதியின்படி அந்தத் தலைப்போடு அவர் விண்ணப்பித்திருந்தால் பணம் வந்திருக்காது. படி, ஆனால் உன்னைப் பற்றிப் படிக்காதே. இதுதான் அவர்கள் நமக்குக் கொடுக்க விரும்புகிற கல்வி.

இரண்டாவது சொல் தலைமை.

கல்லூரிகளில் தலைமைப் பண்பு விருது யாருக்குக் கிடைக்கும்? விழா மேடை அலங்கரிப்பவனுக்கு, சிறப்பு விருந்தினரை வாசலில் வரவேற்பவனுக்கு, முதல்வர் சொன்னதை மாணவர்களிடம் போய்ச் சொல்பவனுக்கு. விடுதிச் சோற்றில் புழு கிடக்குதுன்னு தட்டைத் தூக்கிட்டு வார்டன் அறைக்குப் போறவனுக்கு என்ன பெயர்? 'பிரச்சினை பண்றவன்.' தோழர்களே, அவனும் தலைவன்தான். அவனுக்கு விருது கிடையாது, மெமோ உண்டு.

ரோஹித் வெமுலாவை எல்லோருக்கும் தெரியும். ஐதராபாத் பல்கலைக்கழகம். தகுதித் தேர்வில் தேறி ஆய்வு உதவித்தொகை வாங்கியவர். அதாவது அவர்களே 'கல்வியில் சிறந்தவன்' என்று முத்திரை குத்திக் கொடுத்தவர். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் நின்றார். அது தலைமை. 2015 ஜூலையிலிருந்து பணம் நின்றது. அவரோடு சேர்த்து ஐந்து பேர் விடுதியைவிட்டு வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் படுத்தார்கள். 2016 ஜனவரி 17இல் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற கடிதத்தை உலகமே படித்தது. நட்சத்திரம் பற்றி எழுதியதைக் கவிஞர்கள் பேசினார்கள். வங்கிக்காரனான எனக்கு அதில் வேறொரு இடத்தில்தான் கண் நின்றது. ஏழு மாத உதவித்தொகை, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய், தனக்கு வர வேண்டும், அதைக் குடும்பத்துக்குக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனையும் மறக்காமல் குறித்திருந்தார். மாதம் 25,000 வீதம் ஏழு மாதம். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அந்த நிலையிலும் கணக்குத் தப்பவில்லை. கணக்குத் தப்பியது அந்தப் பக்கம்.

அதற்கு எட்டு வருடத்துக்கு முன்பு, 2008 பிப்ரவரியில், அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர் செந்தில்குமார் இறந்தார். சேலம் மாவட்டத்துப் பையன். இங்கிருந்து ரயில் ஏறினால் பக்கம். அவர் ஆய்வுக்குச் சேர்ந்தபோதும் ஊரில் யாரோ மகிழ்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க அவருக்குப் பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்?

இந்த நாலு பிள்ளைகளுக்கும் பயம் காட்ட இதைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், பெரியவங்களே. சாகிற அளவுக்கு ஒரு பிள்ளை தனியா நிக்குதுன்னா, பல்கலைக்கழகத்தின் குற்றம் முதல் குற்றம். அதைக் கேட்கவேண்டிய நாம தூரமா நின்னது இன்னொரு குற்றம்.

மூன்றாவது சொல் தொண்டு. இதில் நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு வருடத்தில் 240 மணிநேரம் தொண்டு செய்ய வேண்டும், ஏழு நாள் கிராமத்தில் முகாம் போட வேண்டும். நானும் கல்லூரியில் அதில் சேர்ந்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம். முகாமுக்கு ஒரு ஊர் குறித்தார்கள். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர். நாங்கள் சுத்தம் செய்ய வேண்டிய இடம், வேற எங்கே, சேரி.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னோடு வந்த மாணவர்களுக்கு என் சாதி தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம். தலையில் தொப்பி, கையில் விளக்குமாறு. குனிந்தபடி தெருவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா வீட்டு வாசல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவங்க நிக்கறாங்க. சின்ன வயசில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஊத்தங்கரைச் சந்தைக்குப் போனவங்க. என் முகத்தைப் பார்த்தாங்க. பக்கத்தில் நின்ற பையன்களைப் பார்த்தாங்க. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்து நீட்டி, "வெயிலா இருக்குது, தண்ணி குடிங்க சார்" என்றார்கள்.

சார்.

பக்கத்தில் இருந்தவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அடுத்தவனும் ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

ஏழாம் நாள் நிறைவு விழா. இந்த மக்களுக்குச் சுத்தத்தைக் கற்றுக்கொடுத்தோம் என்று பேசினார்கள். எனக்குச் சிறந்த தொண்டர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வேலைக்கு விண்ணப்பித்தபோது அதையும் இணைத்தேன். இன்றைக்கும் வீட்டு பீரோவில் இருக்கிறது. பெரியம்மா இல்லை. நான் வங்கியில் சேர்ந்த வருடம் இறந்துபோனார்கள். அந்தத் தண்ணீரை அவங்க உயிரோடு இருக்கும்போது நான் போய்க் குடித்திருக்கலாம். குடிக்கல.

நாட்டு நலப்பணித் திட்டமே தப்பு என்று சொல்ல வரவில்லை. அதில் நல்லது செய்தவர்கள் உண்டு. நான் கேட்பது இதுதான்: தொண்டு செய்கிறவன் ஊரான், தொண்டு வாங்கிக்கொள்கிறது சேரி என்று யார் எழுதிவைத்தது? ஊர்க் குப்பையை அள்ளுகிறவர்கள் யார்? சாக்கடையில் இறங்குகிறவர்கள் யார்? தலைமுறை தலைமுறையா ஊரைச் சுத்தமா வெச்சிருந்தது நாம. அதுக்குப் பேரு தொண்டு இல்ல, சாதித் தொழில். ஏழு நாள் தொப்பி போட்டுக் கூட்டினா தொண்டு. எழுபது வருசம் கூட்டினா தொழில். என்ன நியாயம் இது?

மேடையில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரில் ஒரு பெண்பிள்ளை. பெயர் சொன்னால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். முதுகலை படிக்கிறாள். இந்தத் தெருவில் எத்தனை பேருக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதியது அவள்? பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தது அவள். தண்ணீர் வராத மாதத்தில் ஊராட்சி அலுவலகத்துக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனது அவள். எந்தப் பதிவேட்டிலும் இந்த மணிநேரம் ஏறவில்லை. அவளுக்குப் படிப்பும் தலைமையும் தொண்டும் மூணு தனித்தனி வேலை இல்ல. தெருவுக்காகப் படிக்கிறாள், படிச்சதால கேள்வி கேக்கறாள், கேக்கறதுதான் அவள் செய்யுற தொண்டு. இந்தச் சான்றிதழில் நாம் எழுத வேண்டியது அதைத்தான்.

பட்டம் வாங்கினால் சாதி போய்விடும் என்று மட்டும் பிள்ளைகளே, நம்பாதீங்க. கொலம்பியா, லண்டன் என்று படித்துவிட்டு 1917இல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் தன்னை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் ஒரு டஜன் பேர் தடிகளோடு வந்து நின்றார்கள். வெளியேறி, ரயில் வரும் வரை ஒரு பூங்காவில் துயரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரே எழுதியிருக்கிறார். அதே மனிதருக்கு அதே கொலம்பியா 1952இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இடையில் முப்பத்தைந்து வருடம். அந்த முப்பத்தைந்து வருடப் போராட்டத்துக்குத்தான் அந்தக் கௌரவம். மதிப்பெண்ணுக்கு அல்ல.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவர் வருந்தியதை நாம் அடிக்கடி சொல்கிறோம். மாணவர்களைப் பார்த்தே சொல்கிறோம். நான் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். சமூகத்துக்குத் திருப்பிக் கொடு என்று பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற நாம், அதுக்கு முதலில் என்ன கொடுத்தோம்? ஒரு சால்வை. சால்வைக்கு வட்டி கேட்க நமக்கு உரிமை இல்லை.

அதனால் சில வேலைகள் சொல்கிறேன். சின்ன வேலைகள்தான். குமாஸ்தா சொல்கிற யோசனை பெரிசா இருக்காது.

ஒன்று, பணம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற நம் பிள்ளைகளுக்கான மத்திய உதவித்தொகை 1944இல், அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. 2020 டிசம்பரில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கை மாற்றினார்கள். மத்திய பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வரும் என்றார்கள். நல்லது. ஆனால் கவுன்டரில் நான் பார்ப்பது என்ன? ஆதார் வேறொரு கணக்கில் இணைந்திருக்கும், பணம் எங்கே போனது என்று தெரியாமல் அப்பாவும் பிள்ளையும் நிற்பார்கள். 'உன் கணக்கு செத்துப்போச்சு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி ஒன்று இருக்கிறது. உதவித்தொகைக்காகத் தொடங்கிய இருப்புத்தொகை இல்லாத கணக்கை, இரண்டு வருடம் வரவு செலவு இல்லை என்பதற்காகச் செயலற்ற கணக்கு என்று ஒதுக்கக் கூடாது. இதை மனப்பாடம் பண்ணுங்க. கவுன்டரில் நிமிர்ந்து நின்று சொல்லுங்க. எங்க ஆளுங்களுக்கே சிலருக்குத் தெரியாது.

இரண்டு, காகிதம். 2012 நவம்பர் 7, பக்கத்து தருமபுரி மாவட்டம். நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் எரிந்தன. வீடு, வண்டி, நகையோடு பிள்ளைகளின் சான்றிதழ்களும் எரிந்தன. நம்ம கையிலிருக்கிற மதிப்பெண் பட்டியல் அவங்க கண்ணை எப்படி உறுத்துது பாருங்க. ஒவ்வொரு பிள்ளையின் சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்று எல்லாத்துக்கும் நகல் எடுத்து வேறு ஊரில் ஒரு வீட்டில் வையுங்க. டிஜிலாக்கரிலும் ஏற்றுங்க.

மூன்று, சாப்பாடு. அரசு கல்லூரி விடுதிக்கு மாத உணவுப்படி 2023இல் 1100 ரூபாயிலிருந்து 1500 ஆக்கினார்கள். 2025இல் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர். ஒரு நாளைக்கு 50 ரூபாய் வருகிறது, மூன்று வேளைக்கு. மாதம் ஒருதரம் நம்மில் ரெண்டு பேர் விடுதிக்குப் போய் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்கணும். நாம் வருகிறோம் என்று தெரிந்தாலே வார்டனின் குரல் மாறும்.

நான்கு, இதுதான் முக்கியம். இந்த நாலு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு பெரியவங்க பொறுப்பு. வாரம் ஒரு போன். மார்க் எவ்வளவுன்னு கேக்காதீங்க. சாப்பிட்டியா, பணம் வந்துச்சா, யாராவது ஏதாவது சொன்னாங்களான்னு கேளுங்க. 'ஒண்ணுமில்ல' என்று ரெண்டு வாரம் தொடர்ந்து சொன்னால் மறுநாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்க. ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்க. யார் எப்போ பேசினாங்க, என்ன சொன்னாங்க என்று. அந்த நோட்டை நான் எழுதுறேன். கணக்கு எழுதுறது என் தொழில்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. உங்க படிப்பை எங்களுக்காகச் சுமையாக்கிக்கொள்ள வேண்டாம். இயற்பியல் பிடிச்சா இயற்பியல் படிங்க, கவிதை பிடிச்சா கவிதை படிங்க. எல்லோரும் கலெக்டராக வேண்டாம். ஆனா எங்கேயாவது உங்க பெரியம்மா தண்ணியை நீட்டினா, பக்கத்தில் யார் நின்னாலும், வாங்கிக் குடிங்க. "எங்க பெரியம்மா"ன்னு சொல்லிட்டுக் குடிங்க. எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிற எந்த மெடலும் அதுக்கு ஈடாகாது. நான் வாங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்.

ராம்ஜி சுபேதார் கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். தேர்வில் தேறினான், வேறென்ன செய்தான் என்று கேட்டார். அதே கேள்வியை இன்றைக்கு நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். பாராட்டினோம், வேறென்ன செய்தோம்?

இன்றைக்குச் சால்வை கொண்டுவந்தவங்க போடுங்க, தடுக்கல. நான் ஆளுக்கு ஒரு புத்தகமும் அந்த நோட்டும் கொண்டுவந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் பொறுப்பேற்கிற எட்டுப் பேர் இங்கே வந்து உங்க போன் நம்பரை எழுதிட்டுப் போங்க.

ஜெய்பீம்.